பனி நிலவும் முதுகு காட்டும் மனிதனும்

விண்வெளி ஓவியம் இந்தப் பக்கங்களில் விவாதிக்கத் தக்க விஷயமா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். வெண்ணிறப் பாறைவெளி, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சதக் கிரகம், முன்னால் நமக்கு முதுகு காட்டி நிற்கும் கவச உடை மனிதர்கள் இரண்டு பேர். இந்தச் சித்திரத்தைப் பார்க்காதவர் இன்று குறைவு. நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு கவுண்டரின் கம்ப்யூட்டர் திரையிலும் அது இருக்கிறது. வரைந்தவன் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இப்போது ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் யந்திரமே வரைந்து தந்துவிடுகிறது. இத்தனை எளிதாக உற்பத்தியாகும் ஒரு படிமம் எங்கிருந்து வந்தது, அதில் அந்த மனிதனுக்கு என்ன வேலை என்று கேட்பது விமர்சனத்தின் காரியம்தான்.

1944 மே மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை செஸ்லி போன்ஸ்டெல் தீட்டிய ஓவியங்களை வெளியிட்டது. சனியை அதன் நிலவுகளில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்பது பொருள். போன்ஸ்டெல் கட்டிடக் கலை பயின்றவர்; ஹாலிவுட்டில் பின்னணிக் காட்சிகள் தீட்டியவர். கோணமும் தூரமும் கணக்குப் பிசகாமல் இருக்கும். அவற்றில் டைட்டன் நிலவின் படம்தான் பெரும் புகழ் பெற்றது. செங்குத்தான பாறைகள், உறைந்த வெண்மை, ஆழ்ந்த நீல வானத்தில் சனி. மனிதன் இல்லை. போட்டோ என்று நம்பும்படியான துல்லியம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2005 ஜனவரி 14 அன்று ஹைகென்ஸ் கலம் டைட்டனில் இறங்கியது. அது அனுப்பிய படத்தில் நீலம் இல்லை, சனியும் இல்லை. ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். தரையில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். நீர் உறைந்து கல்லானவை. ஓவியன் தவறிவிட்டான் என்று சொல்லிக் கடந்து போவது விஞ்ஞான ஆசிரியருக்குப் போதும். நமக்கு அந்தத் தவறின் வடிவம் முக்கியம். போன்ஸ்டெல் நம் சந்திரனின் மலைகளையும் இப்படியே ஊசிமுனையாகத் தீட்டினார். அவருக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் லூசியன் ரூதோ, தொலைநோக்கியில் சந்திரனின் விளிம்பை உற்றுப் பார்த்து, மலைகள் மழுங்கி உருண்டவை என்று கண்டு அப்படியே வரைந்தார். 1969இல் மனிதன் அங்கே கால் வைத்த பிறகு ரூதோ சொன்னதே சரியாயிற்று. ஆனால் உலகம் விரும்பியது போன்ஸ்டெல்லைத்தான். ரூதோ தன் கண்ணை நம்பினார். போன்ஸ்டெல் தீட்டியது ஐரோப்பிய மனம் ஏற்கனவே வைத்திருந்த மலையை. 1818 வாக்கில் ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ், மூடுபனிக் கடலுக்கு மேலே ஒரு பாறையில், நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவனை வரைந்தார். அவன் கோட்டைக் கழற்றிக் கவச உடை மாட்டிவிட்டால் இன்றைய பனிநிலவுப் படம் தயார்.

இடையில் ஒரு வேறு வழி திறந்திருந்தது. 1979இல் வாயேஜர் கலங்கள் வியாழனைக் கடந்தபோது, பாசடீனாவிலிருந்த ஜெட் உந்துகை ஆய்வகத்தில் ஜேம்ஸ் பிளின் அந்தப் பயணத்தைக் கம்ப்யூட்டரில் அசையும் சித்திரமாக்கினார். கோளங்கள் கணிதத்தால் ஆனவை. மேலே போர்த்திய தோல்களில் சில ஓவியர் கையால் தீட்டியவை. அதே ஆய்வகத்தில் டேவிட் எம் என்ற ஓவியர் பிளினின் நிரல்களைக் கொண்டு யாரும் கால் வைக்காத நிலங்களைப் படைத்தார். டிஜிட்டல் கலையின் தொடக்கத்தில் மனிதன் இல்லை. கலம் மட்டும் பார்த்தது. கருவி வளர்ந்து, எதையும் வரையலாம் என்று ஆன பிறகு அந்தப் பழைய முதுகு திரும்பி வந்துவிட்டது.

வியாழனின் யுரோப்பாவை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டிலேயே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 160 டிகிரி. சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் 27இல் ஒரு பங்கு. வியாழன் நம் நிலாவைப்போல் 24 மடங்கு அகலமாக, வானத்தில் ஒரே இடத்தில், உதிக்காமல் மறையாமல் நிற்கும். அதன் கதிர்வீச்சு, தரையில் நிற்பவனை ஒரே நாளில் கொல்லப் போதும். படத்தில் நிதானமாகக் காட்சியை ரசிப்பவன் சாகப்போகிறவன். ஓவியனுக்கு இது தெரியும், தெரிந்தும் வரைகிறான். அந்த உருவம் இல்லாவிட்டால் பாறை எவ்வளவு பெரிது என்று நமக்குப் புலப்படாது என்பது அவன் பதில். அப்படியானால் மனிதன் அங்கே ஓர் அளவுகோல் மட்டுமே.

நம் திணை மரபுக்கு இது ஒப்பாது. நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழ்பவை கரு. மனிதனுக்குள் நிகழ்வது உரி. உரிப்பொருள் இல்லாதவனை நிலத்தில் நிறுத்துவதற்கு நம்மிடம் இலக்கணம் இல்லை. நம் ஐந்து நிலங்களில் உறைபனி நிலமும் கிடையாது. பனி என்ற சொல்லே நாஞ்சில் நாட்டில் மார்கழி விடியலில் வைக்கோல் போரின் மேல் படிந்திருக்கும் ஈரத்தைத்தான் குறிக்கிறது. உறைந்த நீரை நாங்கள் அறிந்தது குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மீனுக்கு நொறுக்கிப் போடும் ஐஸ் கட்டியாக. அதற்கு மீன் வாசனை உண்டு, விலை உண்டு, உருகுவதற்குள் லாரி கிளம்ப வேண்டும் என்ற பதற்றம் உண்டு. எங்கள் ஐஸ் ஒருபோதும் வெறும் காட்சியாக இருந்ததில்லை.

குளிரின் சரித்திரத்தில் இந்தப் பிரதேசத்துக்கு வேறு பங்கும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. அங்கே கையாளப்படும் திரவ ஹைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி. யுரோப்பாவின் தரையை விடக் குளிர்ந்தது. 2025இல் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், கிரையோஜெனிக் எஞ்சினில் உழைத்தவர். பனி விழாத நிலத்தின் மனிதர்கள் அந்த நிலவுகளை மிஞ்சும் குளிரைத் தொட்டியில் அடைத்து, கசியாமல் காத்து, எரித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த அனுபவத்துக்கு ஒரு சித்திரம் இல்லை. திரையில் இருப்பது ஃபிரீட்ரிஷின் கோட்டு மனிதன்.

யுரோப்பாவின் உறைந்த மேலோட்டுக்கு அடியில் ஓர் உப்புக்கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் கொள்கிறார்கள். பூமியின் சமுத்திரங்கள் அனைத்தையும்போல் இரு மடங்கு நீர் அதில் இருக்கலாம். ஆக, அது மலை நிலமே இல்லை, நெய்தல். 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்ட யுரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடைய வேண்டும். அதுகூட யுரோப்பாவில் இறங்காது. கதிர்வீச்சுக்கு அஞ்சி வியாழனைச் சுற்றியபடி, 49 முறை நெருங்கி நெருங்கி விலகிப் போகும். பார்ப்பவர்கள் கரையிலேயே இருப்பார்கள். சேதி வந்து சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். தொலைவுக்கும் காத்திருப்புக்கும் நெய்தல் கவிகள் ஒரு மொழி கண்டிருந்தார்கள். அதைக் கற்ற ஓவியன் பனிநிலவின் மேல் யாரையும் நிறுத்த மாட்டான். கரையில் இருப்பவளை வரைவான்.