ஹாக்கி அணிகளில் சம்பள உச்சவரம்பு

ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுதான் செலவிடலாம் என்று லீக் நடத்துவோர் விதிக்கும் வரம்பே சம்பள உச்சவரம்பு. தமிழ்நாட்டு ஹாக்கிக்கு இது மிகப் புதியது.

சென்னையில் நெடுங்காலம் ஒப்பந்தம் என்றால் வேலைதான். பெரம்பூர் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐஓபி போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களைப் பணியில் அமர்த்தித் தங்கள் அணிக்கு ஆடவைத்தன. மட்டையைக் கீழே வைத்த பின்னும் மாதச் சம்பளம் வரும், குடும்பம் நிற்கும்.

நகரப் பெயரில் அணிகள் வந்தது 2005இல். பிரீமியர் ஹாக்கி லீகில் சென்னை வீரன்ஸ் ஆடியது. அந்த லீக் 2008உடன் நின்றது. 2012இல் உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் களமிறங்கியது. இரண்டாவது பருவம் நடக்கவேயில்லை.

இனி வரம்புக்கு வருவோம். வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீகான என்எச்எல், சம்பளத் தகராறில் 2004–05 பருவம் முழுவதையும் இழந்த பிறகே உச்சவரம்பைக் கொண்டுவந்தது. முதல் வரம்பு 3.9 கோடி டாலர். இந்தியாவில் வரம்பு, சண்டையில்லாமல் ஏலத்தோடு சேர்ந்தே வந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீகின் முதல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் வரம்பு 6.5 லட்சம் டாலர். இந்திய வீரர் சர்தார் சிங் 78,000 டாலருக்கு டெல்லி அணிக்குப் போனார். சென்னைக்கு அணி இல்லை. 2017க்குப் பின் இந்த லீகும் நின்றது.

2024 அக்டோபரில் லீக் உயிர் பெற்றபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. அப்போது ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் வரம்பு 4 கோடி ரூபாய். அதற்குள் 24 வீரர்கள்: இந்தியர் 16, வெளிநாட்டவர் 8. இந்தியரில் நால்வர் கட்டாயம் இளையோர். அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் என மூன்று படிகள். கணக்கு இங்கேதான் இறுகுகிறது. டிராகன்ஸ் நெதர்லாந்தின் பெனால்டி கார்னர் வீரர் ஜிப் யான்சனை 54 லட்சத்துக்கும், இந்திய வீரர் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும், அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கும் எடுத்தது. மூவருக்கே 1.34 கோடி. மீதமுள்ள 21 பேருக்கும் 2.66 கோடி, தலைக்குச் சராசரி 12.67 லட்சம். அந்த ஏலத்தின் உச்ச விலையான 78 லட்சத்தை ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கொடுத்த சூர்மா அணி, மொத்தப் பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒருவரிடமே வைத்தது. பெனால்டி கார்னரைக் கோலாக்கும் அவரைப் போன்ற ஆளுக்கு அவ்வளவு தரலாம் என்பதே என் கருத்தும். பெனால்டி கார்னரில் முடிந்த ஆட்டங்கள் எத்தனை!

வரம்பு அணிகளைச் சமமாக்குகிறது. ஒரே பணக்காரர் எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொள்ள முடியாது. ஆனால் பெரிய விலை ஏற ஏற, இறுக்கம் 2 லட்சத்தில் நிற்கும் இளைஞன்மீதுதான் விழுகிறது. 2024–25 பருவம் நீடித்தது சுமார் ஐந்து வாரம். கோவில்பட்டி போன்ற ஹாக்கி ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு மற்ற மாதங்களுக்கும் வருமானம் வேண்டும். ஐசிஎஃப் செய்ததை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் செய்யலாம்: தலா பத்து ஹாக்கி வீரர்களை நிரந்தரப் பணியில் எடுத்து, ஓர் அணியைக் களமிறக்க முன்வர வேண்டும்.