தப்பிய ஓநாயும் அகப்பட்ட ஓநாயும்

போன மார்கழியில் எங்கள் பென்னலூரில் ஒரு சின்னப் பையனை நாய் கடித்துவிட்டது. ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைத் துரத்துவதற்கென்றே ஏரிக்கரைப் பக்கம் ஒரு நாய்க் கூட்டம் உண்டு. அதில் ஒன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். "செவலை நாய்" என்றான் பையன். அன்று சாயங்காலமே ஆளுக்கொரு கட்டையோடு போய் ஒரு செவலை நாயை அடித்துப் போட்டார்கள். நானும் போனேன். அடிக்கவில்லை, டார்ச் பிடித்தேன். நாலாம் நாள் அதே தெருவில் ஒரு அக்காவுக்குக் கடி. அதுவும் செவலை நாய்தான்!

அந்த வாரம் ஆரம்பித்ததுதான் எனக்கு இந்த ஓநாய் வேட்டைப் பைத்தியம். பி.காம் படிக்கிறவனுக்கு ஓநாயோடு என்ன வரவு செலவு என்று கேட்காதீர்கள். படித்துப் பார்த்தால் முக்கால்வாசி கணக்குத் தப்பிய கதையாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். நம்மூரில் நரி, ஓநாய், செந்நாய் மூன்றையும் போட்டுக் குழப்புவோம். நரி சின்னது, தோட்டத்தில் கோழி திருடுவது. செந்நாய் காட்டுக்குள் கூட்டமாக மான் அடிப்பது. ஓநாய்க்கு அடர்ந்த காடு தேவையில்லை. பொட்டல், மேய்ச்சல் நிலம், ஆற்றோரப் பள்ளம், கரும்புக் கொல்லை என்று மனிதர்களை ஒட்டியே வாழும். ஆட்டு மந்தைதான் அதற்கு அன்னதாதா. இந்திய ஓநாய் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி போடும். வளை தோண்டிக் குட்டிகளை அதற்குள் வைத்திருக்கும். வட இந்தியாவில் வேட்டைக்காரர்கள் குளிர்காலத்தில் ஓநாய் தேடிப் போனதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், வெள்ளைக்கார அதிகாரிகள் கேம்ப் போட்டு ஊர் சுற்றுவதும் துப்பாக்கி தூக்குவதும் அந்த மாதங்களில்தான். வெயில் வந்தால் மலைக்கு ஓடிவிடுவார்களே!

அப்படிச் சுற்றியவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்லீமன். தக்கர்களை ஒழித்தவர் என்று சரித்திரப் பாடத்தில் வருவாரே, அவரேதான். லக்னோவில் ரெசிடென்ட்டாக இருந்தபோது 1849 டிசம்பரில் கிளம்பி 1850 பிப்ரவரி வரை அவத் ராஜ்ஜியம் முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணக் குறிப்புகள் அவர் இறந்தபிறகு 1858இல் புத்தகமாக வந்தன. அதில் ஓநாய் பற்றி வருகிற பக்கங்களை இரண்டு தடவை படித்தேன்.

சுல்தான்பூரிலிருந்து பத்து மைல் தூரத்தில் சந்தூர் என்ற ஊர். அதன் பக்கத்து ஆற்றங்கரையில் ஒரு குதிரைவீரன் ஒரு பெண் ஓநாயைப் பார்க்கிறான். பின்னால் மூன்று குட்டிகள், கூடவே நாலு காலில் ஒரு பையன். பிடிக்கப் போனால் பையன் குட்டிகளுக்குச் சமமாக ஓடி வளைக்குள் போய்விடுகிறான். ஆட்களைக் கூட்டி வந்து ஆறு, எட்டு அடி ஆழம் தோண்டுகிறார்கள். ஓநாய், குட்டிகள், பையன் எல்லாம் ஒரே பாய்ச்சலாக வெளியே வருகின்றன. துரத்திப் பையனைப் பிடித்துக்கொண்டு, ஓநாயையும் மூன்று குட்டிகளையும் விட்டுவிடுகிறார்கள்.

ஓநாய் வளர்த்த பிள்ளை என்பதை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. பிறவிக் குறைபாடு உள்ள, பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. பிள்ளை தூக்கும் மிருகம் என்று ஊரே நடுங்கும் ஓநாய் குட்டிகளோடு கைக்கெட்டும் தூரத்தில் வந்தும் யாரும் அதைக் கொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதற்கு ஸ்லீமனே இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று நம்பிக்கை. ஓநாயின் ரத்தம் ஒரு சொட்டு எந்த ஊர் எல்லையில் விழுகிறதோ அந்த ஊர் அழியும் என்று ஜனங்கள் பயந்தார்கள். இரண்டாவது காரணம் நம்ம சப்ஜெக்ட். காட்டில் அலைந்து நரி பிடிக்கும் சிலருக்கு ஓநாய் வளைகள் எங்கே இருக்கின்றன என்று நன்றாகத் தெரியும், ஆனால் காட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஓநாய் தூக்கிப் போன குழந்தைகளின் வெள்ளிக் கொலுசும் தங்கக் காப்பும் வளை வாசலில் கிடக்கும். அதைப் பொறுக்குவது அவர்களுக்கு வருமானம். எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரி, கேள்விப்பட்டதைத்தான் எழுதினார், அதனால் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படிக்க வேண்டும். ஆனாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ராணி ஆட்சி வந்து, தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ஆம் வருஷம் மட்டும் 624 பேர் ஓநாயால் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. பரிசு வைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1875 முதல் 1925 வரை ஐம்பது வருஷத்தில் பரிசுக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் சுமார் 2 லட்சம் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். புலி 80,000, சிறுத்தை ஒன்றரை லட்சம்.

கஜானாவில் கொடுக்கிற பணம் தலைக்குத்தான், குற்றவாளிக்கு அல்ல. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. குழந்தை தூக்கிய கிழட்டு ஓநாயைத் தேடி ராத்திரியெல்லாம் பனியில் கிடப்பவனும், வளையிலிருந்து கண் திறக்காத குட்டியை எடுத்து வருபவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எது சுலபமோ அதைத்தானே எவனும் செய்வான்?

இந்தத் தப்பு வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வந்து கண்டுபிடித்தது இல்லை. அவர்கள் ஊர்ப் பக்கமே, பிரான்சில், இதன் முழு நீளப் படம் ஒன்று ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது.

தெற்கு பிரான்சில் ஜெவொதான் என்று ஒரு மலைப் பிரதேசம். 1764 ஜூன் 30 அன்று ழான் பூலே என்ற 14 வயதுப் பெண்ணை ஏதோ மிருகம் கொன்றது. அதிலிருந்து மூன்று வருஷத்தில் சுமார் நூறு பேர். பெரும்பாலும் மாடு ஆடு மேய்த்த பிள்ளைகளும் பெண்களும். துய்யமேல் என்ற கேப்டன் தன் குதிரைப் படையோடு வந்தார். மிருகம் பெண்களைத் தேடுகிறது என்று சிப்பாய்களுக்குப் பெண் வேஷம் போட்டுப் பார்த்தார். மிருகம் ஏமாறவில்லை. குளிர்காலம் வந்தது, பனி விழுந்தது. பனியில் கால்தடம் தெரியும், இனி சுலபம் என்று நினைத்தார்கள். அடுத்த பனி விழுந்தால் அந்தத் தடம் மூடிவிடும், அவ்வளவுதான்.

1765 ஜனவரியில் ராஜா பதினைந்தாம் லூயி 6,000 லீவ்ர் பரிசு அறிவித்தார். பிப்ரவரி 7 அன்று நடந்ததுதான் பெரிய வேட்டை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சுமார் 20,000 பேர் திரண்டு, பனியில் வளையம் போட்டார்கள். மிருகம் கிளம்பியது. துரத்த, அது த்ருயேர் ஆற்றில் இறங்கி நீந்தியது. அக்கரையில் மல்சியூ ஊர்க்காரர்கள் காவல் நிற்க வேண்டும். அவர்கள் அந்த இடத்தில் இல்லை! 20,000 பேர் போட்ட வளையத்தில் ஓட்டை அந்த ஒரு கரையில்தான், மிருகமும் அந்தக் கரையில்தான் ஏறியது. ப்ருனியேர் ஊரின் துணைப் பாதிரியாரும் சில ஆட்களும் அந்தக் குளிரில் ஆற்றில் இறங்கித் துரத்தினார்கள். பிறகு மல்சியூக்காரர் ஒருவர் சுட்டதில் மிருகம் விழுந்தது, எழுந்தது, போய்விட்டது.

அந்த மாதமே நார்மண்டியிலிருந்து தென்வால் என்ற வேட்டைக்காரர் மகனோடு வந்தார். 1,200 ஓநாய் கொன்றவர் என்று பெயர். படை போடுகிற சத்தத்தில் என் வேட்டை கெடுகிறது என்றார். ஏப்ரலில் துய்யமேல் மூட்டை கட்டினார். தென்வாலும் ஒன்றும் பிடிக்காமல் ஜூலையில் கிளம்பினார். அடுத்து ராஜாவின் துப்பாக்கிப் பொறுப்பாளர் ஃப்ரான்சுவா அந்துவான் வந்து, 1765 செப்டம்பரில் சுமார் 60 கிலோ எடையுள்ள ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார். உடலைப் பாடம் பண்ணி வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டு போனார்கள். அந்துவானுக்குப் பட்டம், பணம், எல்லாம். ஃபைல் குளோஸ்.

டிசம்பர் ஆரம்பத்திலேயே இரண்டு பிள்ளைகள் மீது மறுபடி பாய்ச்சல். இந்தத் தடவை பாரிஸிலிருந்து யாரும் வரவில்லை. மிருகம்தான் செத்துவிட்டதே! ராஜா பார்த்த மிருகம் அரண்மனையில் இருக்கும்போது ஜெவொதானில் செத்தது யார் கையால் என்று கேட்க ஆள் இல்லை. இன்னும் ஒன்றரை வருஷம் சாவுகள் தொடர்ந்தன. 1767 ஜூன் 19 அன்று உள்ளூர்க்காரரான ழான் ஷஸ்தெல் ஒரு மிருகத்தைச் சுட்டபிறகுதான் நின்றது.

பிப்ரவரி 7 அன்று தப்பவிட்டதைவிட செப்டம்பரில் சுட்டதுதான் அதிகச் சேதம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பவிட்டால் ஊர் விழித்திருக்கும், வேட்டை தொடரும். எதையோ ஒன்றைக் கொன்றுவிட்டால் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிவிடுவோம். எங்கள் தெருவில் அந்த நாலு நாளும் நாங்கள் அப்படித்தான் தூங்கினோம்.

பழைய கதை என்று விட முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சீஹோர் மாவட்டத்து ஆஷ்டா. 1985 கடைசியிலிருந்து 1986 ஜனவரி வரை, அதே குளிர்காலத்தில், 17 குழந்தைகள் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவே பயந்தார்கள். இது ஓநாயே இல்லை, சைத்தான் என்றார்கள் சில பெரியவர்கள். வேட்டைக்காரர்கள் முதலில் தேடியது ஒற்றை ஓநாயை. உண்மையில் அது ஆறு ஓநாய்கள் உள்ள குடும்பம், அதில் இரண்டு குட்டிகள்.

1996இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர், ஜோன்பூர், சுல்தான்பூர் மாவட்டங்கள். ஆமாம், ஸ்லீமன் எழுதிய அதே சுல்தான்பூர். இது குளிர்காலத்தில் நடந்தது இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ராத்திரியில் ஓநாயாக மாறும் மனிதன் திரிகிறான் என்று புரளி கிளம்பியது. வழிப்போக்கர்களைச் சந்தேகப்பட்டு மனிதர்களையே அடித்துக் கொன்றார்கள், போலீஸ் பலரைக் கைது செய்தது. ஓநாய் ஆய்வாளர் யாதவேந்திரதேவ் ஜாலாவும் தினேஷ் ஷர்மாவும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். தாக்குதல் நடந்த தேதியையும் இடத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்ததில், இத்தனையும் ஒரே ஒரு ஓநாயின் அல்லது ஒரு சிறு கூட்டத்தின் வேலை என்றுதான் தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தார்கள். அந்த ஊர்களில் காட்டு இரை கிடையாது, ஆடுகளுக்கு நல்ல காவல் இருந்தது, ஏழை வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் காவல் இல்லை. ஆட்டுக்கு விலை உண்டு, பட்டியில் அடைப்பார்கள். கூலிக்குப் போகிற அம்மா பிள்ளையை எந்தப் பட்டியில் அடைப்பாள்?

இப்போது ஓநாய் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் அனுமதிக்காமல் யாரும் சுட முடியாது. நாட்டிலேயே மிச்சம் இருப்பது சுமார் 3,000 என்கிறார்கள். ஐம்பது வருஷத்தில் 2 லட்சம் கொன்ற நாட்டில்!

2024இல் பஹ்ராய்ச் மாவட்டத்து மஹ்ஸி பக்கம் மறுபடி ஆரம்பித்தது. 7 குழந்தைகள் உட்பட குறைந்தது 8 பேர் இறந்தார்கள். 'ஆபரேஷன் பேடியா' என்று பெயர் வைத்து ட்ரோன், வெப்பம் காட்டும் கேமரா, கூண்டு, வலை எல்லாம் கொண்டு வந்தார்கள். கலர் பொம்மைகளில் குழந்தைகளின் மூத்திரத்தை நனைத்து ஆற்றோரம் வைத்தார்கள். துய்யமேலின் பெண் வேஷம் உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா? செப்டம்பர் 10க்குள் ஐந்து ஓநாய் அகப்பட்டன. ஆறாவது ஒன்று பாக்கி என்றார்கள். அக்டோபரில் ஆடு தூக்க வந்த ஒரு ஓநாயை ஊர்க்காரர்களே அடித்துக் கொன்றார்கள். ஆறு முடிந்தது, நிம்மதி என்றார்கள்.

2025 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் மறுபடியும் குழந்தைகள் இறந்தார்கள். பிடிக்க முடியாவிட்டால் சுடுங்கள் என்று உத்தரவு போனது.

எங்கள் தெருப் பையனுக்கு ஊசியெல்லாம் போட்டு முடிந்து இப்போது நன்றாக இருக்கிறான், அந்த அக்காவும்தான். ஏரிக்கரையில் போன வாரம் எண்ணிப் பார்த்தேன், செவலை நாய் இன்னும் மூன்று இருக்கின்றன. கட்டை எடுத்துப் போன அன்று, அடிப்பதற்கு முன் பையனைக் கூட்டிப் போய் "இதுவாடா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டார்ச் பிடித்த நானும் கேட்கவில்லை.