கண்ணாடித் தகடும் மாற்றிய வானமும்

ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாள் (1844–1905). ஃபலக்னுமா அரண்மனையை அவர் எடுத்த படங்கள் கட்டட வரலாற்றுக்கு இன்றும் சான்றுகள்.

அக்காலத் தகடுகள் நீல ஒளியை மிகையாக ஏற்றன; ஆதலால் அச்சில் வானம் பெரும்பாலும் வெறும் வெண்மையாயிற்று. வேறொரு தகட்டிலிருந்து மேகங்களைச் சேர்த்து அச்சிடுவதும், தகட்டின்மீது பென்சிலால் திருத்துவதும் 19ஆம் நூற்றாண்டின் உலகளாவிய தொழில்வழக்கம். எனினும் மூலத்தகடு எஞ்சியது. தீன் தயாள் நிலையத்தின் தகடுகள் பல தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. ஐயம் எழுந்தால் அச்சுப்படியைத் தகட்டோடு ஒப்பிடலாம்.

இன்று மணிகொண்டாவில் விற்பனைக்கு வரும் அடுக்ககப் படத்தில் செயற்கை நுண்ணறிவு வானத்தை நீலமாக்கும். வெற்றறையில் சோபா இடும். சுவரின் ஈரக்கறையையும் சன்னலுக்கு எதிரேயுள்ள மின்கம்பியையும் நீக்கும். முன்னிரண்டும் ஒப்பனை, பின்னிரண்டும் வீட்டைப் பற்றிய பொய். நான்கும் ஒரே படத்தில் தடமின்றிக் கலக்கின்றன.

கட்டுமான நிறுவனத்தின் பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி இழப்புற்றவருக்கு, 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 12ஆம் பிரிவில் இழப்பீட்டுரிமை அளிக்கிறது. ஆனால் படத்தின் பொய்யை மெய்ப்பிக்க மூலப்படம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2026 சனவரி 1 முதல், விற்பனை முகவர் திருத்தத்தை அறிவிப்பதோடு மூலப்படத்தையும் காட்டவேண்டும் என்பது சட்டம். அன்று தகடு தானே எஞ்சியது. இன்று மூலத்தைச் சட்டமே காக்கவேண்டியுள்ளது. வீடு வாங்குபவருக்கு மட்டுமன்றி, இந்நகரின் வரலாற்றை நாளை எழுதுவோருக்கும் அது தேவை.