கட்டாரி (கற்பனை உலக விளையாட்டுகளில்)

கட்டாரி என்பது இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய குத்துவாள் வகை ஆயுதம். ஆங்கில நூல்களில் இது ‘கட்டார்’ எனப்படுகிறது. பாத்திரமேற்று விளையாடும் கற்பனை உலக விளையாட்டுகள் பலவற்றில், பெரும்பாலும் மறைந்திருந்து தாக்கும் கொலையாளிப் பாத்திரங்களின் ஆயுதமாக இது இடம்பெறுகிறது. ஆனால் அதன் உண்மையான வரலாறு அரசவைகளோடும் படைகளோடும் தொடர்புடையது.

அமைப்பு

மற்ற குத்துவாள்களில் பிடி, அலகின் நீட்சியாக இருக்கும். கட்டாரியில் பிடி, அலகுக்குக் குறுக்காக அமைந்திருக்கும். இணையான இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே ஒன்று அல்லது இரண்டு குறுக்குக் கம்பிகள் உண்டு. அவற்றை விரல்களால் இறுகப் பற்றினால், முட்டிக்கு முன்னே அலகு முன்கையின் நேர்கோட்டில் நிற்கும். குத்துச்சண்டை வீரர் முட்டியால் குத்துவது போலவே இதனால் குத்தலாம். கையின் முழு விசையும் முனைக்குச் செல்லும். சில கட்டாரிகளின் முனை, இரும்பு வளையக் கவசத்தைத் துளைப்பதற்காகத் தடிப்பாக்கப்பட்டது.

வரலாறு

14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயணி இபன் பதூதா, கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும் ‘கத்தாரா’ என்னும் ஆயுதத்தைக் குறிப்பிடுகிறார். தென்னிந்தியாவில் விசயநகரக் காலத்துக் கட்டாரிகளில், கையின் மேற்புறத்தைக் காக்கும் சிப்பி போன்ற மறைப்பு இருந்தது. பிற்காலத்தில் இம்மறைப்பு மறைந்தது. ஐரோப்பியர் வருகைக்குப் பின், உடைந்த ஐரோப்பிய வாள்களின் அலகுகளை வெட்டிக் கட்டாரிப் பிடியில் தறைந்து பயன்படுத்தும் வழக்கமும் ஏற்பட்டது.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை இத்தகைய கட்டாரிகளுக்குப் பெயர் பெற்றது. 1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. எஞ்சியவற்றில் பல பழைய உலோகமாக உடைக்கப்பட்டன. தப்பிய சில வெளிநாட்டுச் சேகரிப்புகளை அடைந்தன.

பெயர்க் குழப்பம்

அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரி, குறுக்குப் பிடி கொண்ட இவ்வாயுதத்தை ‘ஜம்தர்’ என்றும், வேறொரு குத்துவாளைக் ‘கட்டாரா’ என்றும் தனித்தனியே சொல்கிறது. 1880இல் எகர்டன் வெளியிட்ட இந்திய ஆயுதக் கையேட்டில் இப்பெயர்கள் மாறிப் பதிவாயின என்பது ஆயுத வரலாற்றாளர் ஜி. என். பந்த்தின் கருத்து. மேலை நாட்டு அருங்காட்சியகங்கள் ‘கட்டார்’ என்ற பெயரையே பின்பற்றின. விளையாட்டுகளும் அதையே எடுத்துக்கொண்டன.

விளையாட்டுகளில்

2000இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில் இவ்வாயுதம் ‘குத்தும் குத்துவாள்’ என்ற பொருள்படும் பெயரில் உள்ளது. சாதாரணக் குத்துவாளுக்கும் இதற்கும் காயத்தின் அளவு ஒன்றே. ஆனால் உயிர்நிலையில் படும் குத்துக்குச் சாதாரணக் குத்துவாள் காயத்தை இரு மடங்காக்கும், இது மும்மடங்காக்கும். அதற்கு ஈடாக, இதை எறிந்து தாக்க முடியாது. பிடியின் இயல்பை இவ்விதி ஓரளவு சரியாகவே காட்டுகிறது.

2001இல் வந்த டையாப்லோ 2 விரிவாக்கத்தில் கட்டார், கொலையாளிப் பாத்திரத்துக்கு மட்டும் உரிய நக ஆயுத வகையில் சேர்க்கப்பட்டது. இரும்பு நகங்களும் கட்டாரியும் அங்கு ஒரே இனம். கத்தரிக்கோல் போல அலகு விரியும் கட்டாரும் அவ்வகையில் உண்டு. இதற்கு உண்மையான முன்மாதிரி இந்தியாவில் இருந்தது.

2002இல் கொரியாவில் வெளியான ராக்னராக் ஆன்லைன் விளையாட்டில் கட்டார் இரு கைகளையும் எடுத்துக்கொள்ளும் ஆயுதம். அதனுடன் கேடயம் ஏந்த முடியாது. உண்மையில் கட்டாரி ஒரு கையால் பிடிக்கப்படுவது. எனினும் அவ்விளையாட்டின் கட்டார் வகை ஆயுதங்களுள் ஒன்றின் பெயர் ‘ஜமதர்’. ஏடுகளில் மாறிப்போன பழைய பெயர், தற்செயலாக ஒரு கணினி விளையாட்டில் தன் ஆயுதத்தோடு மீண்டும் சேர்ந்திருக்கிறது.

இந்த விளையாட்டுகளால் கட்டாரியின் உருவம் உலகெங்கும் அறிமுகமாகியுள்ளது. ஆனால் அது எந்த நாட்டில், எவர் கையில் இருந்தது என்பதை விளையாட்டுகளின் கற்பனை உலகங்கள் சொல்வதில்லை. அதை அறியச் சென்னை அருங்காட்சியகத்தின் தஞ்சாவூர் ஆயுதங்கள் போன்ற எஞ்சிய சான்றுகளே இன்று உதவுகின்றன.