இறகில் ஏறிய பாதரசம்

திருவனந்தபுரம் மியூசியத்தில் பாடம் செய்து வைத்த பறவைகளைச் சின்ன வயதில் சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவற்றின் அருமை பாஸ்டன் வந்தபிறகுதான் புரிந்தது.

மீன் தின்னும் பறவை, உடம்பில் சேரும் பாதரசத்தை முளைக்கிற இறகில் ஏற்றிவிடும். செத்தாலும் அது அங்கேயே இருக்கும். பசிபிக் கடற்பறவையான கரும்பாத அல்பட்ராஸின் இறகுகளை, 1880 முதல் 2002 வரையிலானவை, ஹார்வர்ட் போன்ற மியூசியங்களிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரச உப்பு தடவுவதுண்டு. அது கணக்கைக் குழப்பும். அதனால் மீன் வழியாக வரும் மீதைல் பாதரசத்தைத் தனியாக அளந்தார்கள். 2011-ல் வந்த முடிவு: கூடியிருக்கிறது.

நம்ம பக்கம்? 1933-ல் சாலிம் அலி மறையூர் மலை உட்பட திருவிதாங்கூர் முழுக்கப் பறவைகளைச் சேகரித்தார். மலைக்கு அந்தப்புறம் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை (2001-ல் மூடியது) வருவதற்கு ஐம்பது வருடம் முன்பு! ஆலைக்கு முன் எவ்வளவு பாதரசம் என்று அந்த இறகுகளைக் கேட்கலாம். பழசு என்று யாரும் தூக்கிப் போடாமல் இருக்கணும்.