மாலைதீவுக்குப் போன மாஸ்டர்மார்

1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்து, பர்மா அரிசியும் வராமல் இலங்கைத் தீவெங்கும் பஞ்ச பயம் சூழ்ந்திருந்த வேளையில், நெல்லுற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு கிழக்குக் கரையின் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக வந்து சேர்ந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், வயல்களைப் பார்த்ததோடு அமையாமல் அவ்வயல்களில் பாடுபட்டவர்களின் பிள்ளைகளையும் பார்த்தார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. இலங்கை சிவில் சேவையில் பிரவேசித்த முதல் முஸ்லிமாகிய அவர், உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஊர் பேசிய நாளில், 1948இல் அப்பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் அமர்ந்ததைப் பித்தம் என்று எண்ணியோரும் இருந்திருப்பர். ஆசிரியத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய அந்தஸ்தை வேறெவ்விதம் ஒருவர் தந்திருக்க முடியும்?

அதற்கு முந்திய தலைமுறைகளில் ஆங்கிலம் இக்கரையில் மிஷனரிமாரின் உடைமையாகவே இருந்தது. கல்முனையில் மெதடிஸ்த சபையார் நடத்திய பாடசாலையில், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தராகிய காரைதீவு மயில்வாகனன் பயின்றார். முஸ்லிம் பெற்றோரிற் பலரோ, ஆங்கிலத்தோடு மார்க்கமும் மாறிவிடுமோ என்று அஞ்சி, பிள்ளை லெப்பையிடம் குர்ஆன் ஓதி முடித்ததும் அவனை வயலிலோ மருதமுனைத் தறியிலோ அமர்த்துவதே உத்தமம் எனக் கருதினர். 1949இல் கல்முனையிலேயே ஒரு ஸாஹிராக் கல்லூரி தோன்றியது அந்த அச்சத்தைத் தெளிவிக்கப் பேருதவி புரிந்தது.

இங்கே காலத்தின் விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். இக்கரையார் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தைக் கைக்கொள்ளத் தொடங்கிய அதே தசாப்தங்களில், சுயபாஷைக் கல்வியின் வருகையால் அது நம் வகுப்பறைகளில் இரண்டாம் மொழியாய் ஒதுங்கிற்று. மாலைதீவிலோ 1961இல் மாலே நகரின் அரசாங்கப் பாடசாலைகள் ஆங்கில போதனைக்கு மாறி, இலங்கை ஆசிரியர்களை அழைத்தன. நெடுங்காலமாய் மாசியை நமக்கு அனுப்பிய தீவுகள் பதிலுக்கு மாஸ்டர்மாரைக் கேட்டன என்று வேடிக்கையாய்ச் சொல்லலாம். நம் முஸ்லிம் ஆசிரியருக்கு அது பாங்கொலி கேட்கும் ஊர், ஹலாலான உணவு, நோன்பும் பெருநாளும் பொது. வலமிருந்து இடமாய் ஓடும் அவ்வூர்த் தானா எழுத்துத்தான் புதிது. 1976இல் நைஜீரியா சகலருக்கும் ஆரம்பக் கல்வி என்று பிரகடனஞ் செய்ததும், மறு ஆண்டில் இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்ததும் கடல் கடக்க விரும்பிய ஆசிரியர்களுக்கு இன்னொரு வாயிலைத் திறந்துவிட்டன.

ஊர் சுற்றும் ஆவலும் சிலருக்கு இருந்திருக்கலாம். எனினும் ஆசிரியர்கள் இவ்வாறு கடல் கடந்ததன் மூல காரணத்தைக் கீழ்க்கரை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பிலேதான் தேடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே விவாகமானதும் பெண் புறப்படுவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமையாகிறது. மூன்று பெண்மக்களைப் பெற்ற ஆசிரியர் ஒருவர் அரசாங்கச் சம்பளத்தைக் கொண்டு மூன்று அத்திவாரம் இடுவதே அரிது, கூரை வேய்வது எங்ஙனம்? அஸீஸ் உயர்ந்த பதவியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், இவர்கள் பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடல் கடந்தார்கள் என்று ஏளனமாய் ஒப்பிடுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ஆயினும் அந்த வீடுகளுக்கு வேறு சிலரும் விலை கொடுத்தனர்: ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் அரிதாகவே இருந்த கிராமத்துப் பாடசாலைகளில், அவர் திரும்பி வருமட்டும் அந்தப் பாடவேளையைச் சும்மா கழித்த பிள்ளைகள்.