ஒரே நகரம், இரு மொழிக் கதைகள்

பெர்லின் மதில் நின்ற காலத்தில் ஃப்ரீட்ரிச் தெரு ரயில் நிலையம் ஓர் எல்லைச் சாவடி. துருக்கிய எழுத்தாளர் எமினே செவ்கி ஓஸ்டமார் 1976இல் மேற்கு பெர்லினிலிருந்து கிழக்கே ஃபோல்க்ஸ்ப்யூனே நாடக அரங்குக்குப் போய்வந்தார். சில ஆண்டுகளில் அதே நிலையத்தின் வழியே எதிர்த்திசையில் ஈழத்தமிழர்கள் வந்தார்கள். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜெர்மனியின் இடைவழி விசாவோடு ரயிலேறி, மேற்கில் தஞ்சம் கேட்டார்கள். மேற்குத் தரப்பு அந்த எல்லையையே அங்கீகரிக்காததால் அதன் பக்கத்தில் முறையான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1985இல் அந்த வழி அடைபட்டது.

ஓஸ்டமார் 1965இல் தொழிற்சாலை வேலைக்கு அழைக்கப்பட்டு முதலில் பெர்லினுக்கு வந்தவர். 1980இல் ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான பொ. கருணாகரமூர்த்தி பெர்லினிலேயே நிலைத்து எழுதுபவர். முன்னவர் ஜெர்மனில் எழுதினார். பின்னவர் தமிழை விடவில்லை.

ஓஸ்டமாரின் 1990ஆம் ஆண்டுத் தொகுப்பான 'முட்டர்ட்சுங்கே'யில் ஒரு கதை என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. துருக்கிக் குடியரசு 1928இல் அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. தாத்தாவின் எழுத்து பேத்திக்குப் புரியாமல் போயிற்று. அதைக் கற்க, பெர்லினின் வில்மர்ஸ்டோர்ஃப் பகுதியில் இப்னி அப்துல்லா என்ற ஆசிரியரைத் தேடிப் போகிறாள் கதைசொல்லி. எழுத்தின் மேலும் ஆசிரியர் மேலும் ஒருசேரக் காதல் வருகிறது. அவளுடைய அந்நியம் ஜெர்மனியில் தொடங்கியதல்ல. சொந்தத் தேசம் தன்னைப் புதிதாக்கிக்கொண்டபோதே அவள் வேர் அறுந்துவிட்டது.

ஈழத்தில் நடந்தது வேறு. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழை அரச அலுவலகத்திலிருந்து வெளியே தள்ளியது; பேசியவர்களிடம் மொழி சேதமின்றி இருந்தது. 'ஒரு அகதி உருவாகும் நேரம்' எழுதிய கருணாகரமூர்த்தியின் நடையில் யாழ்ப்பாணப் பேச்சும் எள்ளலும் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அவருடைய 'பெர்லின் இரவுகள்' வாடகைக்கார் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்த நகரம். முகம் தெரியாதவர்கள் ஏறுகிறார்கள், மனம்விட்டுப் பேசுகிறார்கள், இறங்கிப் போகிறார்கள். ஊரின் ஒவ்வொரு தெருவும் அத்துப்படியான ஒருவர் அந்த ஊருக்கு அந்நியர் என்று யார் சொல்ல முடியும்?

ஆனாலும் அந்தத் தமிழ் எழுத்தின் தனிமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓஸ்டமாருக்கு 2022இல் கேயார்க் ப்யூஷ்னர் பரிசு கிடைத்தது. ஜெர்மன் இலக்கியம் அவரைத் தன் எழுத்தாளராகவே கொண்டாடியது. கருணாகரமூர்த்தியின் வாசகர்கள் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர் ஏற்றிச்சென்ற பயணியோ பக்கத்து வீட்டு ஜெர்மானியரோ தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வழியில்லை.

2000இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பிறப்பிலேயே ஜெர்மன் குடிமக்கள். தமிழாலயம் எனும் தமிழ்ப் பள்ளிகளின் வகுப்புகளில் எழுத்துக்கூட்டப் பழகினாலும் நாவல் படிப்பது ஜெர்மனில்தான். இன்னொரு தலைமுறையில் ஓஸ்டமாரின் கதைசொல்லிக்கு நேர்ந்தது நம் பேத்திக்கும் நேரும், அதுவும் எந்த அரசும் எழுத்தை மாற்றாமலேயே. அதற்குமுன், எழுதியவர்கள் அருகிருந்து ஐயம் தீர்க்கக்கூடிய இந்தக் காலத்திலேயே, இந்தத் தமிழ்க் கதைகள் ஜெர்மன் மொழிக்குப் போயாக வேண்டும்.